துன் சம்பந்தன் பதவி விலகிய வரலாறு



சென்ற பள்ளி விடுமுறையில் ஆறாம் ஆண்டு மாணவர்களைக் கோலாலம்பூருக்கு அழைத்துச் சென்றிருந்தோம். பிரிக்பீல்ட்ஸ் மோனோரெயில் நிலையத்தின் பெயர்ப் பலகையை எழுத்துக் கூட்டி வாசித்த ஒரு மாணவன், "துன் சம்பந்தன்னா யாரு சார்?" என்று கேட்டான். மந்திரியாக இருந்தவர் என்றேன். "அப்புறம் என்ன ஆனாரு?" பதவியை விட்டு விலகிவிட்டார் என்றேன். "ஏன் சார் விலகுனாரு?" என்றான். அதற்குள் ரயில் வந்துவிட்டது. அவனுக்கு நான் தர வேண்டிய பதில்தான் இந்தக் கட்டுரை.

துன் வீ. தி. சம்பந்தன் 1919-இல் பேராவிலுள்ள சுங்கை சிப்புட்டில் பிறந்தார். தகப்பனார் ரப்பர்த் தோட்ட முதலாளி. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். 1955-இல் ம.இ.கா.வின் தேசியத் தலைவரானார். அதே ஆண்டு நடந்த முதல் பொதுத் தேர்தலில் கூட்டணி 52 இடங்களில் 51-ஐ வென்றது, இவர் மந்திரியானார். தொழில், சுகாதாரம், பொதுப்பணி, தபால் தந்தி என்று பல இலாகாக்களைப் பார்த்தார். இவையெல்லாம் பாடப் புத்தகத்தில் கிடைக்கும். ஆகவே இதோடு நிறுத்திக் கொள்கிறேன்.

தோட்டத்து மக்களுக்கு அவர் வேறு காரணத்தால் வேண்டியவர். சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் அவற்றைச் சிறு சிறு துண்டுகளாக்கி மறுபடி விற்றார்கள். இதற்குத் தோட்டத் துண்டாடல் என்று பெயர். காலையில் பெரட்டுக்கு நின்றவனுக்கு மாலையில் வேலையும் இல்லை, வீடும் இல்லை என்ற நிலை. அரசாங்கத்தை எதிர்பார்த்துக் கொண்டிராமல், பால் வெட்டுகிறவர்களிடமே பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டங்களை நாமே வாங்குவோம் என்று 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார் சம்பந்தன். அந்நாளில் பத்து வெள்ளி சின்னத் தொகை அல்ல என்பதைப் பெரியவர்கள் அறிவார்கள்.

இப்போது விலகிய கதைக்கு வருவோம்.

அதற்கு முன்பே நாடு ஒரு பெரிய விலகலைப் பார்த்திருந்தது. 1969 மே 13 கலவரத்துக்குப் பிறகு, 1970 செப்டம்பர் 22-இல் துங்கு அப்துல் ரஹ்மான் பிரதமர் பதவியை விட்டிறங்கினார். புதிய மாமன்னர் அவருடைய அண்ணன் மகன் முறையாகும் கெடா சுல்தான். துங்குவின் இடத்துக்குத் துன் ரசாக் வந்தார். பழைய தலைமுறை மெல்ல ஒதுங்கத் தொடங்கிய காலம் அது. நம் மக்களுக்கோ அது கொடுமையான காலம். குடியுரிமை இல்லாதவர்கள் வேலை பெர்மிட் எடுக்க வேண்டும் என்ற விதி வந்ததும், பல தோட்டத்துக் குடும்பங்கள் கப்பலேறி ஊருக்குத் திரும்பின. தலைவர் என்ன செய்தார் என்ற கேள்வி எழுந்தது. எழுந்ததில் தப்பில்லை.

கட்சிக்குள்ளும் இரண்டு அணிகள். ஒரு பக்கம் சம்பந்தன். மறு பக்கம் துணைத் தலைவரும் கிள்ளான் நாடாளுமன்ற உறுப்பினருமான வெ. மாணிக்கவாசகம். நம் கிள்ளான் வட்டாரத்து வீடுகளில் அந்தச் சண்டை அண்ணன் தம்பிகளையே பிரித்தது என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். கடைசியில் பிரதமர் துன் ரசாக் தலையிட, 1973-இல் சம்பந்தன் தலைமைப் பதவியை மாணிக்கவாசகத்திடம் விட்டார். பதினெட்டு ஆண்டு நாற்காலி. அவருக்கு அப்போது வயது ஐம்பத்து நான்குதான். அடுத்த ஆண்டுத் தேர்தலில் அவர் நிற்கவில்லை; மந்திரி பதவியும் முடிந்தது.

முழு மனதோடு விலகினார் என்று நான் எழுதினால் அது பொய்யாகும். காலம் தள்ளியது, கட்சி தள்ளியது. இரண்டொரு வருஷம் முன்னாலேயே தாமாக விட்டிருந்தால் கட்சி அவ்வளவு பிளவுபட்டிருக்காது என்பது என் எண்ணம். மறுப்பவர்கள் இருக்கலாம்.

அந்தச் செய்தி வந்தபோது என் பாட்டி கிள்ளான் பக்கம் ஒரு தோட்டத்தில் பால் வெட்டிக் கொண்டிருந்தார். கட்சிச் சண்டை அவருக்கு விளங்கவில்லை. அவருக்கு ஒரே கவலைதான். "ஐயா போயிட்டாருன்னா சங்கத்துல கட்டுன பணம் என்னாவுறது?" தோட்டத்தில் பல பேர் இதையேதான் கேட்டார்களாம். பணத்தைத் திருப்பி வாங்கிவிடலாமா என்றுகூடச் சிலர் யோசித்தார்களாம்.

பெற்றோர்களே, இங்கேதான் கவனிக்க வேண்டும். கட்சிப் பதவி வேறு, கூட்டுறவுச் சங்கம் வேறு. கட்சியையும் மந்திரி சபையையும் விட்டவர் சங்கத்தை விடவில்லை. கொடி கட்டிய கார் போன பிறகும், 1979 மே மாதம் இறக்கும்வரை, அவர் சங்கத்தின் தலைவராகவே இருந்து பாடுபட்டார். சங்கம் அவரோடு மறைந்துவிடவில்லை. கோலாலம்பூரில் அவர் பெயரிலேயே அதன் கட்டடம், விஸ்மா துன் சம்பந்தன், நிற்கிறது. பழைய பிரிக்பீல்ட்ஸ் சாலைக்கும் பிற்பாடு அவர் பெயரையே வைத்தார்கள்.

பாட்டி பணத்தைத் திருப்பி வாங்கவில்லை. சங்கத்து ரசீதுகளை ஒரு மைலோ டின்னில், பிறப்புப் பத்திரங்களுக்கு அடியில் வைத்திருந்தார். அவர் காலமான பிறகு டின்னைத் திறந்து பார்த்தோம். எழுத்து மங்கியிருந்தது, கைநாட்டு மட்டும் அழியாமல் இருந்தது. அடுத்த வாரம் அதை வகுப்புக்குக் கொண்டு வருகிறேன். கேள்வி கேட்ட பையன் பார்க்கட்டும்.