உழுபவனும் உறுதியும்: அயர்லாந்தின் காணிக் கொள்வனவுக் கடனும் வன்னியின் அனுபவமும்

உழுபவனுக்கு நிலம் உரித்தாதல் வேண்டும் என்னும் கோட்பாடு பல நாடுகளில் முழங்கப்பட்டதாயினும், அதற்கான பணத்தை அரசே முன்னின்று வழங்கிய வரலாறு அயர்லாந்திலேயே முழுமை பெற்றது எனலாம். அவ்வரலாற்றை நம் நாட்டுக் காணிக் கொள்கையோடு ஒப்புநோக்குதல் பயனுடைத்து.

அயர்லாந்தின் 1870ஆம் ஆண்டுச் சட்டம் காணி விலையில் மூன்றிலிரு பங்கைக் கடனாக அளித்தது. எஞ்சியதைத் தேடவியலாத குடியானவர் அதனாற் பெரும்பயன் பெறவில்லை. 1885ஆம் ஆண்டின் ஆஷ்போர்ன் சட்டம் முழு விலையையும் முற்பணமாக வழங்கிற்று. இதற்கென 50 இலட்சம் பவுண் ஒதுக்கப்பட்டது. ஆண்டுக்கு நூற்றுக்கு 4 வீதமாக 49 ஆண்டுகளிற் கடன் தீர்க்கப்படலாயிற்று. 1903ஆம் ஆண்டின் விண்டம் சட்டம் தவணையை 68½ ஆண்டுகளாக நீட்டியதோடு, விற்க முன்வந்த நிலவுடைமையாளருக்கு 12 வீத ஊக்கப்பணமும் அளித்தது. குத்தகையினும் தவணைப்பணம் குறைவாயிருந்தமையே இத்திட்டத்தின் வெற்றிக்குக் காரணமாகும். எனினும் இக்கடன் அரசியற் பூசலுக்கும் வித்திட்டது. 1932இல் டி வலேரா தவணைப்பணத்தைப் பிரித்தானியாவுக்குச் செலுத்த மறுத்ததால் எழுந்த பொருளாதாரப் போர், 1938இல் ஒரு கோடி பவுண் கொடுத்ததன் பின்னரே தீர்ந்தது.

இலங்கையின் நிலை வேறு. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம், உரிமை நிறுவப்படாத காடுகளையும் பயிரிடப்படாத நிலங்களையும் முடிக்குரியனவாகக் கொண்டது. ஆதலின் வன்னி போன்ற பகுதிகளில் அரசே பெரும் நிலவுடைமையாளராயிற்று. நிலப்பிரபுவிடமிருந்து காணி வாங்கக் கடன் அளிக்கும் தேவை அங்கு பெரிதும் எழவில்லை. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச்சட்டம் குடியேற்றவாசிக்கு அனுமதிப்பத்திரத்தையும், நிபந்தனைகள் நிறைவேறியபின் அளிப்பையும் வழங்கியது. ஆயின் விற்பனை, ஈடு, துண்டாடல் ஆகியவற்றுக்குக் கட்டுப்பாடுகள் விதிக்கப்பட்டன. கடன்பட்ட உழவன் காணியை இழத்தலாகாது என்பதே இவற்றின் நோக்கமாகும்.

தனியார் வயல்களில் உழைத்த வாரக்குடிகளுக்கோ 1958ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க நெற்காணிச் சட்டம் அமைந்தது. பிலிப் குணவர்த்தன கொணர்ந்த இச்சட்டம் குத்தகைக்கு உச்சவரம்பு விதித்து, பயிரிடும் உரிமையைப் பாதுகாக்க முயன்றது. வயலை வாங்க உதவவில்லை. பாதுகாப்பு வருமுன்னரும் வந்தபின்னரும் குடிகள் பலர் வெளியேற்றப்பட்டனர்.

இவ்வேறுபாட்டின் விளைவை ஜெயபுரத்தை உள்ளடக்கிய கிளிநொச்சி மாவட்டத்திற் காணலாம். போரால் முழு மாவட்டமும் இடம்பெயர்ந்து, 2009இன் பின் மீள்குடியேறியபோது, ஆவணங்களை இழந்த குடும்பங்கள் தம் உரிமையை நிறுவ அலுவலகங்களை நாட வேண்டியதாயிற்று. ஈடு வைக்கவியலாக் காணி கடனிலிருந்து உழவனைக் காத்தது. அதே வேளை, மலிவான கடனிலிருந்தும் அவனை விலக்கிற்று. 1935ஆம் ஆண்டுச் சட்டத்தின் வாரிசுரிமை ஒழுங்கில் ஆண்மக்களுக்கிருந்த முன்னுரிமை 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தாலேயே நீக்கப்பட்டது.

அயர்லாந்துக் குடியானவன் கடன் தீர்த்து உரிமையாளனானான்; வன்னி உழவன் கடனின்றிக் காணி பெற்றும் நெடுங்காலம் அனுமதி பெற்றவனாகவே இருந்தான். உறுதி மட்டும் போதாது. உறுதியோடு குறைந்த வட்டிக் கடனும் நீரும் சந்தையும் ஒருங்கே கிட்டும்போதே நிலவுரிமை பொருளுடையதாகும் என்பதை இவ்விரு வரலாறுகளும் உணர்த்துகின்றன.