காற்று போட்ட பயணத்திட்டம்

நைல் தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிறது. அதன்மேல் வீசும் காற்றோ பெரும்பாலும் வடக்கிலிருந்து தெற்கே. பாய் விரித்தால் எதிர்நீரில் ஏறலாம், சுருட்டினால் நீரோட்டத்தோடு இறங்கலாம். பழைய எகிப்தியரின் சித்திர எழுத்திலும் இது ஏறிவிட்டது. தெற்கே போவதென்றால் பாய் விரித்த படகு, வடக்கே என்றால் பாயில்லாப் படகு.

வேடிக்கை பார்க்க வந்தவர்களும் பழையவர்களே. கி.பி. 130இல் ரோமப் பேரரசர் ஹாட்ரியன் பரிவாரத்தோடு நைலில் ஏறி வந்தார். விடியலில் ஒலி எழுப்பியதாகப் புகழ்பெற்ற மெம்னான் சிலையின் காலில், உடன் வந்த பல்பில்லா என்ற சீமாட்டியின் கிரேக்கக் கவிதைகள் பொறிக்கப்பட்டன. கோயில் தூணில் பெயர் கீறுகிறவர்களுக்கு இப்படியும் ஒரு முன்னோடி!

ஹாட்ரியனுக்கு ஒன்றரை நூற்றாண்டு முன்பே கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ ரோம ஆளுநருடன் இன்றைய அஸ்வான் வரை போனார். அந்தப் பயணத்தில்தான், மியோஸ் ஹோர்மோஸ் துறைமுகத்திலிருந்து 120 கப்பல்கள் இந்தியாவுக்குப் போவதை அறிந்தார். செங்கடலோரத்தில் அந்தத் துறைமுகம் இருந்த குசெய்ர் அல்-கதீமில், தமிழ் பிராமி எழுத்தில் ‘பானை ஒறி’ என்று கீறிய பானை ஓடு கிடைத்திருக்கிறது. ஒறி, நம் உறியேதான். நம் மிளகு செங்கடல் துறையில் இறங்கி, ஒட்டகமேறிப் பாலைவனம் கடந்து, கோப்டோஸில் நைல் படகேறி அலெக்சாண்டிரியா போனது. இன்றைய உல்லாசக் கப்பல்கள் போகும் ஆறு அன்று சரக்குப் பாதை.

19ஆம் நூற்றாண்டில் வசதியுள்ள ஐரோப்பியர் கெய்ரோவில் ‘தஹபியா’ என்ற பாய்மரப் படகை வாடகைக்குப் பிடித்தார்கள். ஏறுமுன் படகை ஆற்றில் அமிழ்த்தி எலியையும் பூச்சியையும் ஒழிக்கச் சொன்னது அக்காலக் கையேடு. ஆங்கில எழுத்தாளர் அமீலியா எட்வர்ட்ஸ் 1873இல் அப்படித்தான் ஒரு தஹபியா அமர்த்தி அபு சிம்பெலுக்குப் போனார். காற்று இருக்கும்போதே மேலே ஏறிவிட வேண்டும், கோயில்களைத் திரும்பும் வழியில் பார்க்க வேண்டும் என்பது வழக்கம். வழியில் எத்தனை கோபுரவாயில் தெரிந்தாலும் நிறுத்தம் கிடையாது. காற்று நின்றுவிட்டால் மாலுமிகள் கரையில் இறங்கிக் கயிறு கட்டிப் படகை இழுத்தார்கள்.

பிறகு தாமஸ் குக் நிறுவனத்தின் நீராவிக் கப்பல்கள் வந்தன. காற்றின் இடத்தில் கால அட்டவணை உட்கார்ந்தது. இருந்தாலும் ஆறு கடைசியாகப் பணிந்தது அணைக்குத்தான். அஸ்வான் உயரணையின் நீர் விழுங்காதிருக்க, அபு சிம்பெல் கோயில்களை 1964 முதல் 1968 வரை துண்டு துண்டாக அறுத்து, சுமார் 65 மீட்டர் மேலே நிறுத்தினார்கள். அணை 1970இல் முடிந்தது. கெய்ரோவில் ஏறிய படகிலேயே அபு சிம்பெலில் இறங்க இனி முடியாது. லக்சர் – அஸ்வான் ஒரு பயணம், அணைக்கு மேலே நாசர் ஏரியில் வேறொரு பயணம்.

இப்போது எஸ்னாவுக்கும் அஸ்வானுக்கும் இடையே தஹபியாக்கள் மறுபடி ஓடுகின்றன. காற்று படுத்துவிட்டால் இழுத்துப்போக ஒரு மோட்டார் படகு வருகிறது.