மொனோ ஏரியும் பொதுச்சொத்தின் காவலும்

வறண்ட நிலத்திலே ஓடும் நீர் யாருக்கு உரியது என்னும் வினா மிகப் பழையது. மழைவளம் மிக்க நாட்டிலே இவ்வினா அத்துணை கூர்மையாக எழுவதில்லை. நீர் அரிதாகிய இடத்திலேதான் மனிதனின் தாகமும் ஏனைய உயிர்களின் தாகமும் ஒன்றையொன்று எதிர்த்து நிற்கின்றன. அவ்வாறு எதிர்த்து நின்ற ஒரு வழக்கின் வரலாற்றை இன்று நேயர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகின்றேன். அது கலிபோர்ணியாவிலுள்ள மொனோ ஏரியின் வரலாறு.

சியரா நெவாடா மலைத்தொடரின் கிழக்கே, மழைமறைவுப் பகுதியிலே இவ்வேரி கிடக்கின்றது. மலைப்பனி உருகிவரும் ஓடைகள் இதனுள்ளே வந்து சேரும். வெளியேறும் வழி எதுவும் இல்லை. நீர் ஆவியாகிப் போக, உப்பும் காரமும் எஞ்சிவிடுகின்றன. அதனால் இதன் நீர் கடல்நீரிலும் உவர்ப்பு மிக்கது, மீன் வாழாதது. ஆயினும் இதனை உயிரற்ற ஏரி என்று எண்ணிவிடலாகாது. கூனியையொத்த உவர்நீர்ச் சிற்றிறாலும், காரநீர் ஈயும் இங்கே கோடிக்கணக்கில் பெருகுகின்றன. அயலிலே வாழும் குட்சடிக்கா மக்கள் அவ்வீயின் கூட்டுப்புழுவைத் திரட்டி உணவாகக் கொண்டனர். கடற்காகங்கள் ஏரித்தீவுகளில் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கின்றன. இலையுதிர் காலத்திலே முக்குளிப்பான்கள் இலட்சக்கணக்கில் வந்திறங்குகின்றன. ஃபலரோப் என்னும் சிறு கரைப்பறவை இங்கே உண்டு கொழுத்துத் தென் அமெரிக்காவை நோக்கிப் பறக்கின்றது. நெடும் பாலைவழியிலே இவ்வேரி அவற்றுக்கு ஓர் அன்னசத்திரம் எனலாம்.

தெற்கே வெகு தொலைவிலே லொஸ் ஏஞ்சல்ஸ் நகரம் வளர்ந்துகொண்டிருந்தது. வில்லியம் முல்ஹொலண்ட் என்னும் பொறியியலாளர் ஓவன்ஸ் பள்ளத்தாக்கின் நீரை நகருக்குக் கொண்டுவரும் பெருங்கால்வாயை அமைத்தார். 1913ஆம் ஆண்டு அது திறக்கப்பட்டது. பதின்மூன்று ஆண்டுகளுக்குள் ஓவன்ஸ் ஏரி வற்றிப்போய், அதன் படுகையிலிருந்து புழுதிப்புயல் எழலாயிற்று.

அந்நீரும் போதாதாயிற்று. மொனோ ஏரிக்கு வரும் ஓடைகளில் நான்கின் நீரை எடுக்க நகரம் அனுமதி கோரிற்று. 1940ஆம் ஆண்டு மாநிலத்தின் நீர்ச்சபை அவ்வனுமதியை வழங்கியது. மொனோப் பகுதியின் எழில் குன்றும் என்பதைச் சபையார் அறியாதவரல்லர். அது வருந்தத்தக்கதே, எனினும் தடுப்பதற்குத் தமக்குச் சட்டத்திலே வழியில்லை என்று அவர்கள் கருதினர். வீட்டுத் தேவைக்கான நீரே தலையாய பயன் என்பது அம்மாநிலத்துச் சட்டம்.

1941இல் நீர் திருப்பப்பட்டது. அப்போது ஏரியின் மட்டம் கடல்மட்டத்திலிருந்து 6,417 அடி. 1970இல் இரண்டாவது கால்வாய் அமைந்ததும் இறக்கம் விரைவாயிற்று. 1982இல் மட்டம் 6,372 அடி. நாற்பத்தைந்து அடி இறங்கியமையால் ஏரி நீரின் அளவு பாதியாகவும் உவர்ப்பு இருமடங்காகவும் ஆயின. கடற்காகங்கள் கூடுகட்டிய நெகிற் தீவு 1979இல் கரையோடு இணைந்தது. கொயோட்டி என்னும் ஓநாயினம் தரைவழியே சென்று கூடுகளைச் சூறையாடிற்று. பறவைகள் தீவைக் கைவிட்டன.

1976ஆம் ஆண்டிலே பல்கலைக்கழக மாணவர் சிலர் ஏரிக்கரையில் தங்கி அதன் உயிரினங்களை ஆராய்ந்தனர். அவர்களுள் ஒருவரான டேவிட் கெயின்ஸ் 1978இல் மொனோ ஏரிக் குழுவை அமைப்பதில் முன்னின்றார். மறு ஆண்டு, ஓடுபொன் சங்கமும் அக்குழுவும் நகரத்துக்கு எதிராக வழக்குத் தொடர்ந்தன.

அவர்கள் கைக்கொண்ட ஆயுதம் மிகப் பழையது. ஓடும் நீரும் காற்றும் கடலும் எல்லார்க்கும் பொது என்பது உரோமச் சட்டத்தின் கொள்கை. அதிலிருந்து பொதுநம்பிக்கைக் கோட்பாடு வளர்ந்தது. கோயிற் சொத்தைப் பரிபாலிக்கும் தருமகர்த்தா அதற்கு உடையவர் அல்லர். அதுபோல அரசும் நீர்நிலைகளுக்குக் காவலாளியே என்பது அதன் சாரம்.

1983 பெப்ரவரியிலே கலிபோர்ணியாவின் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீர் உரிமையை ஒருமுறை வழங்கியதோடு அரசின் கடமை முடிந்துவிடுவதில்லை. வழங்கியதை மீண்டும் ஆராயலாம். இயன்றவிடத்தெல்லாம் பொதுச்சொத்தைக் காக்க வேண்டும் என்று அது கூறிற்று. அதேவேளை நகரத்தின் தேவையையும் அது புறக்கணிக்கவில்லை. இரண்டையும் நிறுத்துப் பார்க்கும்படியே பணித்தது. 1940இல் வழியில்லை என்று கைவிரித்த இடத்திலே இப்போது வழி பிறந்தது.

1994 செப்டெம்பரிலே நீர்ச்சபை 6,392 அடியை இலக்காக நிர்ணயித்தது. அது பழைய மட்டமன்று. அதனினும் இருபத்தைந்து அடி தாழ்ந்தது. நகரமோ குறைந்த நீரில் இயங்கும் கழிவறைத் தொட்டிகளாலும், கழிவுநீரைத் தூய்மைசெய்து மீளப் பயன்படுத்துவதாலும், சிக்கனத்தாலும் தேவையைக் குறைத்தது. இன்று ஏறத்தாழப் பத்து இலட்சம் மக்கள் கூடியிருந்தும், ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பிருந்ததைவிட அந்நகரம் மிகுதியான நீரைச் செலவிடவில்லை. ஏரியைக் காத்தால் நகரம் தாகத்தால் வாடும் என்ற அச்சம் இவ்வாறு பொய்யாயிற்று.

ஆயினும் வெற்றி முழுமையானதன்று. தீர்ப்புக்குப் பின் முப்பது ஆண்டுகள் கடந்தும் ஏரி தன் இலக்கை எட்டவில்லை. அடிக்கடி வரும் வறட்சியும், தொடர்ந்து எடுக்கப்படும் நீரும் அதற்குத் தடையாயுள்ளன. ஓவன்ஸ் ஏரியிலோ, புழுதியை அடக்குவதற்கே நகரம் நூறு கோடி டொலருக்கு மேல் செலவிட நேர்ந்தது. எடுத்த நீருக்கு விலையை இயற்கை பின்னர் வாங்கியது என்க.

இக்கோட்பாடு அமெரிக்காவோடு நின்றுவிடவில்லை. 1996இல் இந்திய உச்ச நீதிமன்றம் பியாஸ் ஆறு பற்றிய வழக்கிலே மொனோத் தீர்ப்பை எடுத்துக்காட்டியது. 1997இல் தன்யூப் ஆற்று அணை வழக்கிலே, சர்வதேச நீதிமன்றத்தின் உப தலைவராயிருந்த நம் நாட்டவர் கிறிஸ்தோபர் வீரமந்திரி தனித்தீர்ப்பு எழுதினார். நிலத்துக்கு மன்னன் உடையவன் அல்லன், காவலனே என்று மகிந்த தேரர் தேவநம்பியதீசனுக்கு உரைத்ததையும், இலங்கையின் பண்டைக் குளங்களையும் அதிலே அவர் நினைவூட்டினார்.

குளங்கட்டி வாழ்ந்த வறண்ட வலயத்து மக்களாகிய நமக்கு இக்கருத்துப் புதியதன்று. குளத்து நீரை வயலுக்குப் பாய்ச்சுகின்ற போதே, அதன் அலைகரையிலே கூடும் கொக்குக்கும் நாரைக்கும் எவ்வளவு எஞ்சுகின்றது என்று பார்ப்பதும் காவலின் பாற்பட்டதே. மொனோ ஏரியிலே அக்கணக்கைப் பார்க்கத் தவறியவர்கள் அதனைத் திருத்துவதற்கு அரைநூற்றாண்டு சென்றது. முற்றாகத் திருத்துவதோ இன்னும் முடியவில்லை.