ஆத்தாளுக்காக வாதாடியவர்கள்: கொங்கு நாட்டார் வழிபாடு எதிர்ப்புகளைச் சந்தித்த வரலாறு

2003 ஆகஸ்டு இறுதியில் தமிழக அரசு மாவட்ட ஆட்சியர்களுக்கும் காவல்துறைக்கும் ஓர் உத்தரவு அனுப்பியது. கோயில்களில் ஆடு, கோழி பலியிடுவதை உடனே தடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். அதற்கு ஆதாரமாகக் காட்டப்பட்டது 1950ஆம் ஆண்டின் விலங்குகள், பறவைகள் பலித் தடைச் சட்டம். அரை நூற்றாண்டுக்கு மேலாக ஏட்டில் மட்டும் இருந்த சட்டம் அது. ஆறு மாதம்கூட ஆகவில்லை. 2004 பிப்ரவரியில் அதே அரசு, அதே முதலமைச்சர் ஜெயலலிதாவின் தலைமையில், அந்தச் சட்டத்தையே ரத்து செய்தது. நாடாளுமன்றத் தேர்தல் நெருங்கியிருந்தது என்பது ஒரு காரணம். ஆனால் தேர்தலில் எண்ணிப் பார்க்க வேண்டிய அளவுக்கு அந்த வழிபாட்டுக்கு வலு எங்கிருந்து வந்தது என்ற கேள்வி மிச்சமிருக்கிறது.

மறைநூலோ மடமோ பீடாதிபதியோ இல்லாத வழிபாடு இது. பிறரோடு வாதம் செய்யப் பயின்றவர்களும் இதற்குள் கிடையாது. இப்படிப்பட்ட ஒரு சமயம், பாதிரியார், வெள்ளைக்கார அதிகாரி, பகுத்தறிவாளர், சைவச் சீர்திருத்தக்காரர் என்று நான்கு திசையிலிருந்தும் வந்த எதிர்ப்பை எப்படித் தாங்கியது? கோயமுத்தூர், ஈரோடு, திருப்பூர், கரூர், நாமக்கல் வட்டாரங்களை உள்ளடக்கிய கொங்கு நாட்டை முன்வைத்து இக்கட்டுரை அதை ஆராய்கிறது. முதல் மூன்று எதிர்ப்புகளாலும் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை என்பதும், உறவு சொல்லிக்கொண்டு வந்த நான்காவதுதான் ஆழமாக மாற்றியது என்பதும் என் கருத்து.

காணியும் கூட்டமும்

கொங்கில் சாமி கும்பிடுவது முதலில் ஓர் உரிமை. நம்பிக்கை அதன் பிறகே. கொங்கு வேளாளரில் ஒவ்வொரு கூட்டத்துக்கும், அதாவது குலப் பிரிவுக்கும், ஒரு காணியூர் உண்டு. அங்கே ஒரு காணிக் கோயில் உண்டு. பிழைப்புக்காக எத்தனை தலைமுறைக்கு முன் ஊர் மாறியிருந்தாலும், காதுகுத்துக்கும் முடியிறக்கவும் அங்கேதான் போக வேண்டும். மற்றச் சாதியாருக்கும் அவரவர் குலதெய்வம், அவரவர் முறை. யார் முதலில் பொங்கல் வைப்பது, யார் தீர்த்தம் கொண்டுவருவது, யாருக்கு முதல் மரியாதை என்பதெல்லாம் செப்புப் பட்டயங்களிலும் ஓலைகளிலும் எழுதப்பட்டிருக்கின்றன. ஈரோட்டில் கொங்கு ஆய்வு மையத்தை நடத்திய புலவர் செ. இராசு இத்தகைய ஆவணங்களைத் தேடித் தொகுத்துப் பதிப்பித்திருக்கிறார். அவற்றைப் படிக்கும்போது ஒன்று தெளிவாகிறது. ஊர்க்காரர்கள் சாமிக்காக வாதாடவில்லை என்பதில்லை. காலங்காலமாக வாதாடியே வந்திருக்கிறார்கள். சாமி உண்டா இல்லையா என்பது அங்கே வழக்காகவே இருந்ததில்லை. அந்தச் சாமியிடத்தில் யாருக்கு என்ன பாத்தியதை என்பதுதான் வழக்கு.

கோட்பாட்டைத் தாக்க வந்தவர்களுக்கு இங்கே பிடிமானம் கிடைக்காமல் போனதற்கு இதுவே காரணம்.

பாதிரியாரும் நாவலரும்

தரங்கம்பாடியில் இருந்த சீகன்பால்கு 1713இல் எழுதி முடித்த தென்னிந்தியத் தெய்வங்கள் பற்றிய நூலில் கிராம தேவதைகளுக்கு விரிவான இடம் தந்தார். அவர் பார்வையில் அவை பேய்களோடு சேர்ந்தவை. 1830இல் டபிள்யூ. பி. ஆடிஸ் கோயமுத்தூரில் லண்டன் மிஷன் பணியைத் தொடங்கியபோதும் இந்தப் பார்வைதான் மிஷனரிகளிடம் பொதுவாக இருந்தது. சென்னை பிஷப் ஹென்றி ஒயிட்ஹெட் 1916இல் வெளியிட்ட தென்னிந்தியக் கிராம தெய்வங்கள் பற்றிய நூல் சடங்குகளை நுணுக்கமாகப் பதிவு செய்தது. அவற்றைச் சமயத்தின் கீழ்ப்படியாகவே அதுவும் எண்ணியது.

இதற்குத் தமிழில் ஏட்டளவில் பதில் வந்தது. ஆறுமுக நாவலரின் சைவதூஷணபரிகாரம் 1854இல் வெளிவந்தது. மிஷனரிகளை அவர்களுடைய விவிலியத்தைக் கொண்டே மடக்கிய வலிமையான நூல் அது. ஆனால் அதே நாவலர் உயிர்ப்பலியையும் ஊர்த் தெய்வ வழிபாட்டையும் கடுமையாகக் கண்டித்தவர். கோட்டையைக் காப்பதற்காக வெளிச்சுவரைக் கைவிடுவதுபோல, ஆகமச் சைவத்தைக் காக்க அவர் கிராம தேவதையைக் கைவிட்டார். வடலூர் இராமலிங்க அடிகளும் பலியிடும் கோயில்களைக் கண்டு நடுங்கியவர். அவரை நடுங்க வைத்தது சீவகாருணியம். நாவலருடையது சாத்திர நோக்கு. இருவரின் காரணமும் வேறு என்றாலும், ஊர்க் கோயில் பூசாரிக்கு ஆதரவாகப் பேசக் கற்றறிந்த தமிழ்ச் சைவத்தில் ஆள் இல்லாமல் போனது. நான்காவது எதிர்ப்பின் வித்து இங்கேதான் விழுந்தது.

வேண்டுதல், வழக்கம், மழை

முதுகுத் தோலில் கொக்கி மாட்டி, உயர்ந்த கம்பத்தில் ஆளைத் தொங்கவிட்டுச் சுற்றுவது செடல். 1853–54இல் வெள்ளையரின் சென்னை அரசு இதுபற்றி மாவட்ட அதிகாரிகளிடம் அறிக்கை கேட்டது. தடைச் சட்டம் போடுவதைவிட நயமாகச் சொல்லி நிறுத்தச் செய்வதே நல்லது என்ற முடிவுக்கு வந்தது. 1890களின் தொடக்கத்தில் மதுரைக்குப் பக்கத்துச் சோழவந்தானில் செடல் மீண்டும் நடந்தபோது பத்திரிகைகளும் மிஷனரிகளும் படித்த இந்துக்களும் சேர்ந்து எதிர்த்தார்கள். பிறகுதான் அரசு கெடுபிடி காட்டியது. சோழவந்தான் கொங்கில் இல்லை. ஆனால் அங்கே எழுந்த வாதங்கள் கொங்குக்கும் பொருந்தும்: இது எங்கள் வேண்டுதல், யாரும் யாரையும் வற்புறுத்தவில்லை; இது மாமூல்; இதை நிறுத்தினால் மழை பொய்க்கும்.

இந்த மூன்றும் வேறு வேறு வகையான வாதங்கள். முதலாவது மனச்சாட்சி பற்றியது. இரண்டாவது சட்டம் பற்றியது. மதத்தில் தலையிட மாட்டோம் என்று 1858இல் விக்டோரியா மகாராணி வெளியிட்ட பிரகடனம் அதற்குத் துணை நின்றது. மூன்றாவது ஊர்ப் பொதுநலம் பற்றியது. வானத்தை நம்பி வெள்ளாமை செய்யும் கொங்கில் அதுவே மற்ற இரண்டையும்விட கனமானது.

கொடுமை என்ற குற்றச்சாட்டுக்குச் சடங்குக்குள்ளேயே ஒரு பதில் இருக்கிறது. கிடாய்க்கு மாலை போட்டுச் சாமி முன் நிறுத்துவார்கள். மஞ்சள் தண்ணீரை வேப்பிலையால் அதன் தலையிலும் முதுகிலும் தெளிப்பார்கள். பிறகு எல்லோரும் காத்திருப்பார்கள். கிடாய் உடம்பை உதறித் துலுக்கும் வரை அரிவாளை எடுக்கக் கூடாது. துலுக்கவில்லை என்றால் குறை என்னவென்று யோசிப்பார்கள். விட்டுப்போன பங்காளியைக் கூப்பிட்டு வருவார்கள், மறுபடி தெளிப்பார்கள், சாமியிடம் மன்றாடுவார்கள். துலுக்கிய பிறகுதான், ஆத்தா ஏற்றுக்கொண்டாள் என்று சொல்லி வெட்டுவார்கள். குளிர்ந்த தண்ணீர் பட்டால் ஆடு உதறத்தான் செய்யும் என்று சொல்லிவிடலாம். ஆனால் ஒப்புதல் இல்லாமல் உயிரை எடுக்கக் கூடாது என்ற எண்ணத்தைத் தன் நடைமுறையிலேயே வைத்திருக்கும் ஒரு வழிபாட்டை அறநோக்கே இல்லாதது என்று தள்ள என்னால் முடியவில்லை. அதன் பிறகு கறி கூறு போடப்படும். பங்காளிகளுக்குச் சமமான கூறு. பூசாரிக்கும் ஊர்த்தொழில் செய்வோருக்கும் உரிய பங்கு.

ஈரோட்டிலிருந்து வந்த கேள்வி

பெரியார் ஈரோட்டுக்காரர், ஈரோடு தேவஸ்தானக் கமிட்டியில் பொறுப்பு வகித்தவர், 1925 மே 2இல் அதே ஊரில் ‘குடி அரசு’ இதழைத் தொடங்கியவர். கொங்கு வழிபாட்டுக்கு வந்த மிகக் கூர்மையான எதிர்ப்பு அதன் நடுவிலிருந்தே வந்தது. அவருடைய திராவிடர் கழகத்தார் துண்டறிக்கைகளோடு நிற்கவில்லை. தாங்களே தீ மிதித்தார்கள், அலகு குத்திக் கார் இழுத்தார்கள், கையில் தீச்சட்டி ஏந்தி, “தீச்சட்டி இங்கே, மாரியாத்தா எங்கே?” என்று முழங்கி ஊர்வலம் போனார்கள்.

தீக்குண்டம் இறங்கும் நாட்டில் இது நேருக்கு நேரான சவால். பங்குனியில் பண்ணாரி, தையில் ஆனைமலை மாசாணியம்மன், ஆடியில் மேட்டுப்பாளையம் தேக்கம்பட்டி வனபத்ரகாளியம்மன் என்று ஆண்டு முழுக்க இங்கே குண்டம் இறங்குகிறார்கள். பக்தி இல்லாமலும் தீயில் நடக்கலாம் என்று கழகத்தார் காட்டியது உண்மை. ஆனால் பக்தர்கள் அதனால் கலங்கியதாகத் தெரியவில்லை. தீ சுடாது என்பதை நிறுவ அவர்கள் நடப்பதில்லை; பிள்ளைக்குக் காய்ச்சல் தீர்ந்ததற்கு, காடு விளைந்ததற்கு, வாக்குக் கொடுத்தபடி நடக்கிறார்கள். பண்ணாரியில் ஆட்கள் இறங்கி முடிந்ததும் ஆடுமாடுகளையும் குண்டத்தில் ஓட்டிப் போகிறார்கள். நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று மாட்டுக்காக மனிதர் செய்யும் வேண்டுதல் அது. அங்கே பிரசாதமாகத் தரப்படுவது புற்று மண். இந்தக் காட்சியில் பகுத்தறிவுக் கேள்வி தவறு என்று ஆகிவிடவில்லை. அது குறிவைத்த இடம் வேறாக இருந்தது.

இந்தச் சந்திப்பில் பெரிய பகை மூளவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. கொங்கில் சாமிகளாகக் கும்பிடப்படும் அண்ணன்மாரின் கதையை உடுக்கையடிப் பாடலாக, பல இரவுகள் பாடுவார்கள். கனடாவைச் சேர்ந்த மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1960களின் நடுவில் காங்கேயம் வட்டாரத்தில் தங்கி அதை ஒலிப்பதிவு செய்தார். 1971இல் சக்திக்கனல் அக்கதையைப் பதிப்பித்தார். பின்னர் பகுத்தறிவு மரபில் வந்த கலைஞர் கருணாநிதி ‘பொன்னர் சங்கர்’ என்று அதை நாவலாக்கினார். சாமிகள் அங்கே மாவீரர்களாக ஆனார்கள். அண்ணன்மாருக்கு வீரப்பூரில் எடுக்கும் படுகளத் திருவிழாவுக்குப் போகும் கூட்டம் அதைத் தாக்குதலாக எடுத்துக்கொள்ளவில்லை.

சட்டமும் திரைச்சீலையும்

1950 சட்டம் கோயிலிலும் அதன் எல்லைக்குள்ளும் பலியிடுவதைத் தடுத்தது. பக்தர்கள் அதை மீறியும் மீறாமலும் நடந்துகொண்டார்கள். தேக்கம்பட்டியில் பவானி ஆற்றங்கரைத் தோப்புகளில் கிடாய் வெட்டிச் சமைத்துப் படைப்பது தொடர்ந்தது. 2003இல் காவலர்கள் கோயில் வாசலுக்கே வந்தபோதுதான் எதிர்ப்பு குரலானது. இடதுசாரிகள், தலித் அமைப்புகள், நாட்டார் வழக்காற்று அறிஞர்கள், பகுத்தறிவாளர் சிலர்கூட ஒரே பக்கம் நின்றார்கள். கறி தின்னும் பெரும்பான்மையின் சாமிக்குச் சைவச் சாப்பாட்டைத் திணிப்பதா என்பது அவர்கள் கேள்வி. 1960ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டமே, தன் 28ஆம் பிரிவில், சமய முறைப்படி விலங்கைக் கொல்வதைக் குற்றமாகக் கருதவில்லை. வழிபடுவோரின் சார்பில் ஏட்டிலும் மேடையிலும் விரிவாக வாதாடப்பட்டது அப்போதுதான்.

வென்றது சட்டப் போராட்டம். ஆனால் அதே ஆண்டுகளில் கோயிலுக்குள் வேறொன்று, அந்த நான்காவது எதிர்ப்பு, நடந்துகொண்டிருந்தது. வேப்பமரத்தடியில், கூரையில்லாமல், வேலும் மண்குதிரையுமாக இருந்த சாமிக்குக் கருவறை, விமானம், கும்பாபிஷேகம் வந்தன. பண்டாரம் செய்த பூசையை வெளியூர்க் குருக்கள் செய்யத் தொடங்கினார். அம்மன் ‘சைவம்’ ஆனாள். கிடாய் கருப்பணசாமிக்கு என்று ஒதுக்கப்பட்டது. வெட்டும் நேரத்தில் அம்மன் கண்ணில் படாமல் கருவறைக்குத் திரை போடும் வழக்கம் பரவியது. யாரும் கட்டாயப்படுத்தவில்லை. பின்னலாடையிலும் லாரித் தொழிலிலும் கோழிப்பண்ணையிலும் சம்பாதித்த பிள்ளைகள் தங்கள் சாமிக்கு மரியாதை சேர்ப்பதாக எண்ணிச் செய்தார்கள். அன்பால் செய்ததுதான். ஆனால் பாதிரியாரும் வெள்ளைக்காரனும் செய்ய முடியாததைத் திரைச்சீலை செய்தது: தன் வழிபாட்டைப் பார்த்துத் தானே கூச்சப்படக் கற்றுக்கொடுத்தது.

அந்தக் கூச்சத்தின் விளைவை 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் பார்த்தோம். பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’, குழந்தையில்லாப் பெண்களுக்குத் தேர்த் திருவிழாவில் இருந்ததாகச் சொல்லப்படும் பழைய வழக்கம் ஒன்றை மையமாகக் கொண்ட நாவல். அது வெளியாகி நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு, ஊரையும் சாமியையும் அவமதித்ததாகப் போராட்டம் வெடித்தது. 2016 ஜூலை 5இல் சென்னை உயர்நீதிமன்றம் எழுத்தாளர் பக்கம் தீர்ப்பளித்தது. ஊரின் கோபத்தில் பெண்களின் மானம் பற்றிய உண்மையான வலி இருந்தது. அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் சாமியைக் காப்பது என்பது அந்தச் சாமியின் பழைய வரலாற்றை யாரும் பேசாமல் பார்த்துக்கொள்வது என்று மாறியிருந்தது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நாட்டார் வழிபாட்டைப் போற்றி எழுதும் பலர் சாதியைத் தொடுவதில்லை. மாரியம்மன் கோயில்களின் முன் நடப்படும் முக்கிளைக் கம்பம், ஏமாற்றி மணந்த தாழ்த்தப்பட்ட கணவனின் உருவம் என்று பெக் பதிவு செய்த கொங்குக் கதை சொல்கிறது. தப்பட்டை அடிக்காமல் ஆத்தா இறங்கமாட்டாள். அடிப்பவர் வாசலுக்கு வெளியே நிற்க வேண்டியிருந்தது. பெரியாரின் கேள்விகளில் இன்றும் பதிலில்லாமல் நிற்பது இதுதான்.

வெளியுலகம்

ஐரோப்பாவில் கிறித்தவத்துக்கு முந்தைய தெய்வங்களை மீண்டும் வழிபடுவோர் வேறு பாதையில் போனார்கள். ஐஸ்லாந்தில் 1972இல் தொடங்கிய அசாத்ரு சங்கம் அடுத்த ஆண்டே அரசு அங்கீகாரம் பெற்றது. லித்துவேனியாவின் ரொமுவா, நாடாளுமன்றம் மறுத்ததால் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போய் 2021இல் வென்றது. 2024 டிசம்பரில் அங்கீகாரத்தையும் பெற்றது. இந்தியாவிலேயே ஜார்க்கண்ட் பழங்குடிகள் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தங்கள் சர்ணா வழிபாட்டைத் தனிச் சமயமாகக் குறிக்கக் கேட்கிறார்கள். 2020இல் அம்மாநிலச் சட்டமன்றம் அதற்காகத் தீர்மானம் நிறைவேற்றியது. ஐரோப்பியர் அறுந்த மரபை நூல்களிலிருந்து மீட்க வேண்டியிருந்தது. கொங்கில் மரபு அறவில்லை. ‘இந்து’ என்ற பெயரின் கீழ் பாதுகாப்பும் கிடைத்தது. திரைச்சீலையும் அதனோடு வந்தது.

எனவே கோயில் கமிட்டியாருக்கும் கொங்குப் பல்கலைக்கழகங்களின் தமிழ்த் துறைகளுக்கும் ஒரு வேண்டுகோள். திருப்பணிக்கு நாள் குறிக்கும் முன் பழைய கோயிலைப் படமெடுத்து வையுங்கள். பூசாரி சொல்லும் அழைப்புப் பாட்டையும், யார் எங்கே நின்றார் என்பதையும், யார் நிற்க விடப்படவில்லை என்பதையும் சேர்த்துப் பதிவு செய்யுங்கள். உடுக்கையடித்துப் பல இரவுகள் முழுக்கதை பாடத் தெரிந்தவர்கள் குறைந்து வருகிறார்கள். அவர்கள் இருக்கும்போதே இந்த வேலை நடக்க வேண்டும்.