கனத்ததும் இலேசானதும்

தை மாதத்து மேகமற்ற இரவுகளில் நுவரெலியாவின் பள்ளங்களில் உறைபனி படிந்து தேயிலைக் கொழுந்து கருகுவதை நாம் அறிவோம். மேட்டு மலை தப்பிவிடும்; பள்ளத்து மலையே கருகும். குளிர்ந்த காற்று கனமானது. அது சரிவில் இறங்கித் தாழ்வில் தேங்க, வெப்பக்காற்று அதன்மேல் மிதக்கிறது. பலமாகக் காற்று வீசினால் இரண்டும் கலந்து கொழுந்து பிழைக்கும். எப்போது கலக்கும், எப்போது கலவாது? இதற்குக் கணக்கு முறையில் விடை தேடியவர் லூயிஸ் ஃபிரை ரிச்சட்சன் என்ற ஆங்கிலேயர்.

குவேக்கர் சமயத்தவரான அவர், முதலாம் உலகப் போரில் ஆயுதம் ஏந்த மறுத்து, பிரான்சில் அம்புலன்ஸ் வண்டி ஓட்டினார். அங்கிருந்தபடியே, 1910 மே 20ஆம் நாளின் வானிலையைச் சமன்பாடுகளாற் கணிக்க முயன்றார். விடை படுதோல்வி. 1920இல் வானிலை அலுவலகம் விமானப்படை அமைச்சின்கீழ்ச் சென்றதும் வேலையை உதறினார். 1922இல் வெளியிட்ட நூலில் தம் முறையையும் அதன் தோல்வியையும் மறைக்காது அச்சிட்டார். ஒரு பெருமண்டபத்தில் 64,000 பேர் அமர்ந்து கணக்கிட்டால் வானிலையின் வேகத்துக்கு ஈடுகொடுக்கலாம் என்று கனவும் கண்டார். (நம் துரைமார் கேட்டிருந்தால் நாட்கூலி எவ்வளவு என்றுதான் வினவியிருப்பர்!) அடர்த்தி வேறுபாடு கலப்பைத் தடுக்கும் வலிமையை, வேக வேறுபாடு கலக்கும் வலிமையோடு ஒப்பிடும் எண் இன்று அவர் பெயரால் வழங்குகிறது.

அந்த எண் அணு உலைக்குள்ளும் நுழைந்துள்ளது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தால் கடல் கடந்த நம் உறவினர் வாழும் தமிழ்நாட்டில், கல்பாக்கத்தின் 500 மெகாவாட் வேக ஈனுலையை நோக்குவோம். அதைக் குளிர்விப்பது திரவ சோடியம். வடிவமைப்பின்படி மேல் தேக்கத்தின் வெப்பநிலை ஏறத்தாழ 547 பாகை செல்சியஸ். கீழ்த் தேக்கத்தில் 397. உலை திடீரென நிறுத்தப்பட்டால், குளிர்ந்த சோடியம் மேல் தேக்கத்தின் அடியிற் புகுந்து தங்கும், நுவரெலியாப் பள்ளத்துக் காற்றைப் போலவே. இரு படைகளின் எல்லை ஓயாது ஆடும். ஆடுந்தோறும் உருக்குச் சுவர் சுடுவதும் ஆறுவதுமாகக் களைத்து வெடிப்புக் காணலாம்.

வெறும் அச்சமன்று இது. 1998 மே மாதம் பிரான்சின் சிவோ நிலையத்தில், இயங்கத் தொடங்கி ஓராண்டும் நிறையாத உலையொன்றில், சுடுநீரும் குளிர்நீரும் கலக்குமிடத்தருகே குழாய் பிளந்து நீர் பீறிட்டது.

கல்பாக்கத்து விஞ்ஞானிகள் கணினியிற் கணித்தவற்றை நீர் நிரப்பிய சிறு மாதிரிகளிலும் சோதித்துள்ளனர், நல்லது. அந்த 64,000 பேரின் மண்டபம் இன்று மேசைமேல் வந்துவிட்டது. எனினும் கொந்தளிப்பின் மிகச் சிறிய சுழிகளைக் கணினியும் முழுமையாகப் பின்தொடர்வதில்லை. பெரும்பாலும் அவற்றை ஊகத்தால் நிரப்புகிறது. ஊகம் எங்கெங்கே தவறிற்று என்பதை, ரிச்சட்சனைப் போல, கரையோர மீனவரும் படிக்கத்தக்க தமிழில் அச்சிடுங்கள் என்று நாம் கேட்கிறோம். 2004 டிசம்பர் 26இல் கடல் புகுந்தது அவர்தம் குடியிருப்புகளில் மட்டுமன்று. அதே ஈனுலைக்கென வெட்டிய அடித்தளக் குழியிலுந்தான்.