அப்பமா? அருளுரையா? – வில்லியம் பூத் கண்ட விடை



சமயத் தொண்டு என்பது யாது? இறைச்செய்தியை எடுத்துரைத்து ஆன்மாவைக் கரையேற்றுவதா, பசித்தவனுக்கு உணவளிப்பதா? கிறித்தவத் திருச்சபையில் தொடக்கக் காலந்தொட்டே எழுந்துவரும் வினா இது. அன்றாட உணவுப் பங்கீட்டில் சில கைம்பெண்கள் புறக்கணிக்கப்பட்டபோது, அப்பணிக்கென எழுவர் தேர்ந்தெடுக்கப்பட்ட செய்தியை அப்போஸ்தலர் நடபடிகள் கூறுகிறது. போதனையும் பந்தியும் திருச்சபையின் கடமைகளே என்பது அன்றே ஏற்கப்பட்டுவிட்டது. ஆயினும், எது முதன்மை என்னும் பிணக்கு ஓய்ந்தபாடில்லை. அப்பிணக்கின் இரு கரைகளிலும் தம் வாழ்நாளிலேயே நின்று பார்த்த ஒருவரைப் பற்றி எழுத விழைகிறேன். அவரே இரட்சணிய சேனையின் நிறுவுநர் வில்லியம் பூத்.

1829-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரில் பிறந்த பூத், 13-ஆம் அகவையில் ஓர் அடகுக்கடையில் தொழில் பழக அனுப்பப்பட்டார். வறுமையின் முகத்தை அறிய அதைவிடச் சிறந்த பள்ளிக்கூடம் ஏது? பின்னாளில் மெதடிஸ்டு போதகரான அவர், 1861-இல் அப்பொறுப்பைத் துறந்தார். 1865-இல் கிழக்கு லண்டனின் ஒயிட்சேப்பல் பகுதியில் கூடாரமொன்றில் பிரசங்கம் செய்யத் தொடங்கினார். துணைவியார் கேத்தரினும் சிறந்த பிரசங்கியார். இருவரும் வளர்த்த அப்பணியே 1878-இல் இரட்சணிய சேனை என்னும் பெயர் பெற்றது.

தொடக்கக் காலத்துப் பூத், ஆன்ம மீட்பையே தலையாயதாகக் கருதினார். உள்ளம் திருந்தினால் வாழ்வு தானே திருந்தும் என்பது அவர் நம்பிக்கை. 1870-களில் ஏழைகளுக்கு மலிவு விலையில் உணவு விற்கும் கடைகளை அவருடைய குழுவினர் நடத்திப் பார்த்தனர், அம்முயற்சி நிலைக்கவில்லை. இத்தகைய சுமைகள் நற்செய்திப் பணியைத் தளர்த்திவிடும் என்ற ஐயமும் இருந்தது.

அவரை மாற்றியது ஏட்டுக் கல்வியன்று. தொண்டர்கள் கண்ட உண்மையே ஆகும். 1883-இல் மெல்பர்னில் சேனையினர், சிறையினின்று விடுதலையானோர்க்கு ஓர் இல்லம் திறந்தனர். 1884-இல் லண்டனில் ஆதரவற்ற பெண்களுக்கான இல்லம் தோன்றியது. 1887-இன் இறுதியில் ஓரிரவு லண்டன் பாலத்தைக் கடந்த பூத், அங்கே குளிரில் உறங்கிய வீடற்றோரைக் கண்டார். மறுநாள் மகன் பிராம்வெல்லிடம், ஏதேனும் செய்தாக வேண்டும் என்று வற்புறுத்தினார். 1888-இல் லைம்ஹவுஸ் பகுதியில் உணவும் உறைவிடமும் தரும் நிலையம் எழுந்தது.

1890-இல் அவர் வெளியிட்ட நூலே ‘இருண்ட இங்கிலாந்தும் வெளியேறும் வழியும்’. எழுத்தில் துணைநின்றவர் இதழாளர் டபிள்யூ. டி. ஸ்டெட். அந்நூலில் பூத் காட்டும் உவமை மறக்கவியலாதது. லண்டன் தெருவில் வாடகை வண்டிக் குதிரை இடறி வீழ்ந்தால், வீழ்ந்தது யாருடைய தவற்றால் என்று எவரும் விசாரிப்பதில்லை. முதலில் தூக்கி நிறுத்துகின்றனர். உயிரோடிருக்கும்வரை அதற்குத் தீனியும், கொட்டிலும், வேலையும் உண்டு. அந்தக் குதிரைக்குக் கிட்டுவது மனிதனுக்கும் கிட்டலாகாதா? இதுவே அவர் கேள்வி.

அவ்வாண்டு அக்டோபரில், நூல் வெளிவரும் வேளையில், புற்றுநோயால் வருந்திய கேத்தரின் மறைந்தார். துயரத்திடையேயும் திட்டம் நிற்கவில்லை. அவர் வேண்டிய 1,00,000 பவுண்டுக்கும் மேலாகவே நிதி திரண்டது.

எதிர்ப்பும் திரண்டது! அறிவியலறிஞர் ஹக்ஸ்லி ‘தி டைம்ஸ்’ நாளிதழில் கடுமையாக எழுதினார். நிதி முறைகேடு நிகழ்ந்ததோ என்ற ஐயத்தால் 1892-இல் விசாரணைக் குழுவொன்று ஆராய்ந்து, நிதி முறையாகவே செலவிடப்பட்டதென அறிவித்தது. உறைவிடங்களில் இரவுதோறும் நடந்த ஆராதனையைச் சுட்டி, உணவைத் தூண்டிலாக்கலாமா என்று கேட்டோரும் உண்டு. அக்கேள்வியை எளிதில் ஒதுக்கிவிட என்னால் இயலவில்லை. பசித்தவன் கையில் தட்டோடு இருக்கும்போது, அவன் இசைவு எத்துணை உரிமையோடு பிறக்கும்?

ஆயினும், தீக்குச்சித் தொழிற்சாலையின் வரலாறு இதற்கு ஓரளவு விடை கூறுகிறது. அக்காலத் தீக்குச்சிகளில் வெண் பாஸ்பரஸ் சேர்த்தனர். அதன் நச்சாவியால் தொழிலாளர்களின் தாடையெலும்பு அழுகியது. 1891-இல் சேனை, தீங்கற்ற சிவப்புப் பாஸ்பரஸைப் பயன்படுத்தும் தொழிற்சாலையை ஓல்டு ஃபோர்டில் நிறுவிக் கூடுதல் கூலியும் வழங்கியது. மலிவான குச்சிகளோடு போட்டியிட இயலாமல் அது பத்தாண்டளவே நிலைத்தது. எனினும், மாற்று வழி உண்டு என்பதை அது மெய்ப்பித்துவிட்டது. 1908-இல் பிரிட்டன் வெண் பாஸ்பரஸ் தீக்குச்சிகளைத் தடைசெய்யும் சட்டம் இயற்றியது. அத்தடையால் காக்கப்பட்டோரில் சேனையின் ஆராதனைக்கே வராதோர் எத்தனை பேர்! அங்கே தூண்டில் எதுவுமில்லை.

பூத் 1912-இல் மறைந்தார். அவர் காண விரும்பிய கடல்கடந்த குடியேற்றம் திட்டமிட்டபடி நிறைவேறவில்லை. ஆனால் பணி பரவியது. நாகர்கோவிலில் கேத்தரின் பூத் பெயரால் மருத்துவமனை எழுந்தது. 1935-இல் சேனை நம் சிங்கப்பூரிலும் காலூன்றியது.

பூத் இறுதிவரை பிரசங்கியாகவே வாழ்ந்தார். ஆன்ம மீட்பைக் கைவிடவில்லை. அதற்கு முன்னால் செய்ய வேண்டிய ஒன்று உண்டு என்பதை மட்டும் அறுபதை நெருங்கும் அகவையில் கற்றுக்கொண்டார். இது ஓர் ஆசிரியனுக்கு அயலான பாடமன்று. காலையுணவின்றி வகுப்பில் சோர்ந்து அமர்ந்த மாணவனை, கவனமில்லாதவன் என்று நான் கடிந்ததுண்டு. அவன் உண்டானா என்று முதலில் கேட்டிருக்க வேண்டும். வீழ்ந்த குதிரையிடம் எவரும் காரணம் கேட்பதில்லையே!