பழைய மரப்படகு மறுபடியும் கடலுக்குப் போக முடியுமா? கட்டுமரம் முதல் 'கௌண்டின்யா' வரை... முழு விளக்கம்!

பெசன்ட் நகர் பீச்சை ஒட்டிய ஊரூர் குப்பம், பட்டினப்பாக்கம், மயிலாப்பூருக்குக் கிழக்கே நொச்சிக்குப்பம்... தென்சென்னையின் எந்த மீனவக் குப்பத்துக்குப் போனாலும் இப்போது கரையில் வரிசையாக நிற்பது ஃபைபர் படகுகள்தான். ஒரு தலைமுறைக்கு முன்னால் அதே மணலில் கட்டுமரங்கள் காய்ந்துகொண்டிருக்கும்.

அந்த மாதிரி ஒரு பழைய மரப்படகை மறுபடியும் சீரமைத்து கடலில் இறக்க முடியுமா? முடியும். ஆனால் அது எந்த வகைப் படகு என்பதைப் பொறுத்து வேலையே மாறும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கட்டுமரம்னா படகா?

பேரிலேயே பதில் இருக்கு. கட்டு + மரம். செதுக்கிய மரத்துண்டுகளை பக்கத்தில் பக்கத்தில் வைத்து கயிற்றால் கட்டினால் கட்டுமரம். படகு மாதிரி உள்ளே குழிவான உடல் கிடையாது. அலை மேலே ஏறினால் தண்ணீர் மரங்களுக்கு நடுவே வழிந்து போய்விடும். ஓட்டை விழுந்து மூழ்குவது என்ற பேச்சே இல்லை. கவிழ்ந்தாலும் மிதக்கும்.

நடு மரம் கொஞ்சம் தாழ்வாகவும், ஓர மரங்கள் கொஞ்சம் உயரமாகவும் இருக்கும்படி கட்டுவார்கள். மலைவேம்பு போன்ற எடை குறைந்த மரங்கள்தான் இதற்குச் சரி.

இங்கிலாந்து மாலுமி வில்லியம் டாம்பியர் 1697-ல் வெளியான தன் பயண நூலில் இந்தக் கடற்கரையின் கட்டுமரத்தைப் பற்றி எழுதினார். 'கேட்டமரான்' என்ற ஆங்கிலச் சொல் தமிழில் இருந்து போனதுதான். ஆனால் இன்று அந்தப் பேரில் உலகம் முழுக்க ஓடும் இரட்டை உடல் படகுகள், அமைப்பில் பசிபிக் தீவுகளின் படகுகளுக்குச் சொந்தம். பேர் மட்டும் நம்மூருடையது!

கட்டுமரத்தை எப்படி சரிசெய்வது?

இதுதான் சுலபமான கேஸ். மரம் கடலில் இருக்க இருக்க தண்ணீரைக் குடித்து கனமாகும். அதனால் கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாக மணலில் காயப் போடுவார்கள். அடுத்த முறை கடலுக்குப் போகும்போது மறுபடி கட்டு. ஒரு மரம் உளுத்துப் போனால் அதை மட்டும் மாற்றினால் போதும்.

அதாவது, பழுது பார்ப்பது என்பது கட்டுமரத்துக்குத் தனி வேலையே இல்லை. தினசரி வாழ்க்கையிலேயே அது சேர்ந்திருக்கு.

தைத்த படகு தெரியுமா?

சென்னைக்குத் துறைமுகம் வருவதற்கு முன்பு கப்பல்கள் கடலிலேயே தள்ளி நிற்கும். ஆட்களையும் சரக்கையும் கரைக்குக் கொண்டுவந்தது 'மசூலா' படகு. இதில் ஆணி கிடையாது. உள்ளே விலா எலும்பு போன்ற சட்டங்களும் கிடையாது. பலகைகளைத் துளையிட்டு தேங்காய் நார்க் கயிற்றால் துணி தைப்பது போலத் தைத்திருப்பார்கள்.

ஏன் அப்படி? சென்னைக் கரையில் அலை உடைந்து விழும் வேகம் அதிகம். ஆணி அடித்த இறுக்கமான படகு அந்த அடியில் பிளந்துவிடும். தைத்த படகு வளைந்து கொடுக்கும். பழுது பார்க்கணும்னா தையலைப் பிரித்து, பலகையை மாற்றி, மறுபடி தைக்கணும். 1881-ல் துறைமுகம் செயல்படத் தொடங்கியதும் மசூலாவின் தேவை மெல்லக் குறைந்தது.

ஆணி அடித்த பலகைப் படகு என்றால்?

வேலை அதிகம் இதில்தான். வரிசை இதுதான்:

1. நிதானமாகக் காயவைப்பது: உப்புத் தண்ணீரைக் கழுவி, நிழலில் காயவிட வேண்டும். உச்சி வெயிலில் போட்டால் பலகை வெடிக்கும்.

2. தட்டிப் பார்ப்பது: மரச்சுத்தியலால் தட்டினால் நல்ல பலகை 'டங்'கென்று சத்தம் கொடுக்கும். உளுத்தது என்றால் மொத்தையான சத்தம். சந்தேகம் இருந்தால் கூர்மையான ஊசியால் குத்திப் பார்க்கலாம். சுலபமாக உள்ளே இறங்கினால் அந்தப் பலகை போச்சு.

3. ஒவ்வொன்றாக மாற்றுவது: எல்லாப் பலகையையும் ஒரே நேரத்தில் கழற்றினால் படகு தன் வடிவத்தையே இழந்துவிடும். ஒன்றைக் கழற்றி, அதையே அச்சாக வைத்துப் புதுப் பலகை வெட்டிப் பொருத்திவிட்டுத்தான் அடுத்தது. துருப்பிடித்த ஆணிகளும் மாறணும். துரு, சுற்றியுள்ள மரத்தையும் கெடுக்கும்.

4. கலப்பத்து பார்ப்பது: பலகை இடுக்குகளில் பஞ்சு அல்லது நாரைத் திணித்து, மேலே குங்கிலியமும் எண்ணெயும் கலந்த பூச்சு போடுவது. தண்ணீர் புகாமல் தடுப்பது இதுதான்.

5. ஊறவிடுவது: நீண்ட நாள் கரையில் கிடந்த படகை தண்ணீரில் இறக்கினால் முதலில் ஒழுகத்தான் செய்யும். பயப்பட வேண்டாம். மரம் ஊறி உப்பியதும் இடுக்குகள் தானாக நெருங்கிக்கொள்ளும்.

உள்ளே ஈரம் இருக்கும்போதே மேலே ஃபைபர் கோட்டிங் அடிப்பது ஆபத்து. ஈரம் வெளியே போக வழியில்லாமல் மரம் உள்ளுக்குள்ளேயே அழுகும். வெளியில் பார்த்தால் பளபளவென்று இருக்கும்.

மரப்படகின் முதல் எதிரி யார்?

கப்பல் புழு. பேர்தான் புழு, உண்மையில் இது சிப்பி, மட்டி குடும்பத்தைச் சேர்ந்த உயிரினம். கண்ணுக்குத் தெரியாத அளவில் மரத்துக்குள் நுழைந்து, உள்ளேயே வளர்ந்து சுரங்கம் போடும். வெளியே ஊசித் துளைதான் தெரியும், உள்ளே தேன்கூடு மாதிரி ஆகியிருக்கும். தண்ணீரிலேயே நிற்கும் படகுகளுக்குத்தான் இதனால் அதிக பாதிப்பு. தினமும் கரையேறிக் காயும் கட்டுமரத்துக்கு இந்தத் தொல்லை குறைவு.

அப்புறம் ஏன் எல்லோரும் ஃபைபருக்கு மாறினாங்க?

2004 டிசம்பர் 26 சுனாமி பெரிய திருப்புமுனை. கரையில் இருந்த படகுகள் நொறுங்கின. நிவாரணமாக வந்தவற்றில் ஃபைபர் படகுகள் ஏராளம். இன்ஜின் மாட்டலாம், வேகமாகப் போகலாம், அதிக மீன் ஏற்றலாம், மரம் தேடி அலைய வேண்டாம். மீனவர்கள் மாறியதில் தப்பே இல்லை. ஆனால் ஒரு விலையும் இருக்கு. டீசல், மண்ணெண்ணெய் செலவு கூடியது. உடைந்த ஃபைபர் மக்காது, அதைப் பிரித்து மறுபடி கட்டவும் முடியாது.

மரத்தில் கட்டிய விசைப்படகுகள் இன்னும் இருக்கின்றன. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் காசிமேட்டுக்குப் போனால், அவற்றைக் கரையேற்றிப் பலகை மாற்றுவதையும், பெயின்ட் அடிப்பதையும் பார்க்கலாம்.

'கௌண்டின்யா'வுக்கும் சென்னைக்கும் என்ன சம்பந்தம்?

அஜந்தா குகை ஓவியத்தில் இருக்கும் 5-ம் நூற்றாண்டுக் கப்பலை மாதிரியாக வைத்து இந்தியக் கடற்படை உருவாக்கிய தைத்த கப்பல் இது. கலாசார அமைச்சகம் நிதி கொடுத்தது. கோவாவில் பாபு சங்கரன் தலைமையில் கேரளக் கைவினைஞர்கள் பலகைகளை நார்க் கயிற்றால் தைத்தார்கள். 2025 மே 21-ல் கார்வாரில் கடற்படையில் சேர்ந்தது. அதே ஆண்டு டிசம்பர் 29-ல் போர்பந்தரில் கிளம்பி, 2026 ஜனவரியில் ஓமனின் மஸ்கட்டை அடைந்தது.

இந்தக் கப்பலுக்கு வரைபடமே கிடையாது. ஓவியம் மட்டும்தான். கடலில் இது நிற்குமா, சாயுமா என்று மாதிரி வைத்துச் சோதித்தது யார் தெரியுமா? அடையாறுக்குப் பக்கத்தில் இருக்கும் சென்னை ஐஐடியின் கடல்சார் பொறியியல் துறை!

அருங்காட்சியகத்தில் வைத்துப் பாதுகாக்க முடியாதா?

முடியும், ஆனால் செலவும் காலமும் அதிகம். 1628-ல் மூழ்கிய ஸ்வீடன் போர்க்கப்பல் 'வாசா' 1961-ல் மேலே தூக்கப்பட்டது. அப்படியே காயவிட்டால் மரம் சுருங்கி வெடித்துவிடும் என்பதால், பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற ரசாயனத்தை 17 ஆண்டுகள் தெளித்தார்கள்.

படகைக் காப்பாற்றுவது ஒன்று, அதைக் கட்டும் கையைக் காப்பாற்றுவது இன்னொன்று. ஸ்டாக்ஹோமில் வாசா பத்திரமாக நிற்கிறது, ஆனால் கடலுக்குப் போகாது. கட்டுமரத்தின் பழைய மரங்கள் எதுவும் மிச்சமில்லாமல் மாறிப்போயிருந்தாலும், கட்டத் தெரிந்தவர் இருந்தால் அது நாளைக் காலை கடலில் இருக்கும்.

தைத்த கப்பலுக்கு ஓவியத்தைப் பார்த்துக் கணக்குப் போட வேண்டியிருந்தது. கட்டுமரத்துக்கு அந்த நிலைமை இன்னும் வரவில்லை. எந்த மரம் நடுவில், எது ஓரத்தில், முடிச்சு எங்கே என்று சொல்லக்கூடிய பெரியவர்கள் நம்ம குப்பங்களில் இன்னும் இருக்காங்க. அவர்கள் இருக்கும்போதே கேட்டுக் கற்றுக்கொள்வதுதான் சீரமைப்பின் முதல் வேலை.